ஓடும்போது மட்டும் ஒழுகும்

போலீஸ் துரையின் சிகரெட் லைட்டர் ஒழுகுகிறது. கிராணியார், நீங்களே இங்கிலீஷில் சொல்லிவிடுங்கள், துரைக்குத்தான் தமிழ் தெரியாதே. சட்டைப்பையில் ஈரம் தெரியாது. உடம்புச் சூட்டுக்குப் பெட்ரோல் உடனே காய்ந்துவிடும். ஆனால் வாடை இருக்கிறது, உள்ளே வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடியிலுள்ள திருகை இறுக்கி அந்த இடத்தில் கொஞ்சம் சவுக்காரம் தேய்த்தால் போதும், பெட்ரோல் சவுக்காரத்தைக் கரைக்காது. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் நாகையா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரெயில்வேக்கு ஜல்லி கொடுக்கும் கண்டிராக்டர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கார் டிரைவர். ஆயுத பூஜையன்று அவர் வீட்டு வாசலில் கார் தீப்பிடித்ததே, அது விஷயமாக வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பம்ப்பைச் சரியாகப் பூட்டவில்லை என்று செந்தூல் ஒர்க்‌ஷாப் ஜெயராஜைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே தொடங்கியது என்று நான் முறையாகச் சொல்கிறேன். நடுவில் மறிக்காமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கார் பழையது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றதை முதலாளி வாங்கினார். முதலாளி என்று நான் சொல்வது பிள்ளையைத்தான். பழைய வண்டி என்றாலும் என் கையில் அது ஒருநாளும் நடுரோட்டில் நின்றதில்லை. சித்திரை பிறந்ததும் அதன் பெட்ரோல் பம்ப்பில் கோளாறு வந்தது. டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து என்ஜினுக்குக் கொடுக்கும் சாமான் அது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். உள்ளே வட்டமாக வெட்டிய எண்ணெய்த்துணி ஒன்று மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் துணி கிழிந்தால் பம்ப்பின் அடியில் இருக்கிற பொடித் துளை வழியாகப் பெட்ரோல் சொட்டும். இதில் தொல்லை என்னவென்றால், ஓடும்போது மட்டும்தான் சொட்டும். கிள்ளான் சாலையில் மேடு ஏறும்போது நன்றாகவே சொட்டும். நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தால் என்ஜின் சூட்டில் எல்லாம் காய்ந்து, துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கும்.

ஒழுகினால் பெட்ரோல் அதிகம் போகும், இல்லையா? எண்ணெய் அடிக்கிற கடைக்காரன் ஒருநாள் முதலாளியிடம், உங்கள் கார் இப்போதெல்லாம் நிறையக் குடிக்கிறதே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தான். அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், காரியம் அதோடு போயிருக்கும். அவர் திட்டவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நாகையா, வீட்டுல ஏதும் கஷ்டமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"நான் எடுக்கலை முதலாளி. பம்ப் ஒழுகுது."

"சரி சரி. நான் உன்னை ஒண்ணும் கேட்கலையே. பேச்சை இதோட விட்டுடு. நான் மனசுல வச்சுக்கலை."

மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றார். என்ன வைத்துக்கொள்ளவில்லை? நான் செய்யாத ஒன்றை. கிராணியார், உங்களை யாராவது செய்யாத குற்றத்துக்கு அடித்திருக்கிறார்களா? அதைத் தாங்கலாம். செய்யாத குற்றத்துக்கு மன்னித்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது?

மறுநாளே மூடியைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, முதலாளியை அழைத்துவந்து காட்டினேன். நின்ற இடத்தில் ஓடினால் பம்ப்புக்கு அவ்வளவு வேலை இல்லை. அது ஒரு சொட்டுகூட விடவில்லை. நல்ல பிள்ளையாக நடித்தது. வாடையாவது தெரியும் என்று பார்த்தால் முதலாளிக்கு மூக்குப்பொடிப் பழக்கம், அவர் மூக்குக்கு மல்லிகையும் மாட்டுச்சாணியும் ஒன்றுதான். பிறகு பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன டின்னைக் கட்டிக்கொண்டு கிள்ளான் வரைக்கும் போய் வந்தேன். டின்னில் கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்திருந்தது. ஓடிப்போய் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "டின்னெல்லாம் எதுக்குப்பா? திரும்பக் கொண்டாந்து குடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே" என்றார். எடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்று நினைத்துவிட்டார். காட்டக் காட்ட நான்தான் கள்ளன் ஆனேன்.

பம்ப் ஒன்று புதிதாக வாங்கித்தரச் சொன்னேன். ஓடுகிற வண்டிக்கு எதற்கு என்று சிரித்தார். விளிம்பிலெல்லாம் சவுக்காரம் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே துணி கிழிந்ததற்கு வெளியே சவுக்காரம் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட பேச்சு எத்தனை நாளைக்கு வீட்டுக்குள் இருக்கும்? ரெயில்வே குவாட்டர்ஸ் பக்கத்துக் காப்பிக்கடையில் மற்ற டிரைவர்கள் கூடுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருத்தன், "நாகையாண்ணே, சைக்கிள் விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் வேணும், உங்ககிட்ட இல்லாததா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சல். என் பெண்சாதி வள்ளியம்மா என்ன கேட்டாள் தெரியுமா? சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "எடுத்தது எடுத்தீங்க, எனக்கு ஒரு சேலையாவது வாங்கியிருக்கலாம்ல" என்றாள். நான் எடுக்கவில்லையடி என்று கத்தினேன். "அதான் முதலாளியே மன்னிச்சிட்டாரே, விடுங்களேன்" என்றாள். 

வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்று துரை கேட்பார். போயிருந்தால், திருடினான், மாட்டிக்கொண்டான், ஓடிவிட்டான் என்பார்கள். நான் போக முடியாது. பம்ப் ஒழுகுகிறது என்று முதலாளி தன் வாயால் சொல்லும் வரைக்கும் நான் எங்கேயும் போக முடியாது.

என்னை ஒருவர் நம்பினார். முதலாளியின் மனைவி, சிவகாமி அம்மாள். கிள்ளானில் உறவுக்காரர் வீட்டுக்கு நான் அவரைக் கூட்டிப்போகும்போது பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாகையா, எண்ணெய் வாடை குடலைப் புரட்டுதே, எங்கேயோ ஒழுகுதுபோல" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மா, இதை முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றேன். பாவம், அன்றைக்கே சொன்னார். முதலாளி என்ன செய்தார்? அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனார். அம்மா முழுகாமல் இருக்கிறார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாத வீடு அது. தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்கள். எனக்கு ஒரு புது வேட்டி கிடைத்தது. அதற்குப் பிறகு அம்மா வாடை என்று சொன்னாலே, மசக்கைக்காரிக்கு எல்லாம்தான் வாடை அடிக்கும் என்று சிரித்துவிடுவார்கள். இருந்த ஒரு சாட்சியும் போயிற்று.

ஆவணி கழிந்ததும் முதலாளி காரைச் செந்தூலுக்கு ஜெயராஜிடம் கொண்டுபோய் விடச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி ஏறி இறங்குகிற வண்டி, பிரேக்கையெல்லாம் பார்த்துச் சுத்தம் பண்ணட்டும் என்றார். ஜெயராஜ் ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஓய்வு நேரத்தில் தன் வீட்டுக் கொட்டகையில் கார் பார்ப்பான். நான் திரும்ப எடுக்கப் போனபோது, கையைத் துடைத்துக்கொண்டே, "பம்ப்புல துணி நார் நாரா கிழிஞ்சிருந்துச்சுண்ணே. எங்கிட்ட ஒண்ணு கிடந்துச்சு, மாத்திட்டேன்" என்றான், ஏதோ டயருக்குக் காற்றடித்ததைச் சொல்வதுபோல.

"பழைய துணி எங்கேடா?" என்று கேட்டேன்.

"குப்பையோட கொளுத்திட்டேன். அது எதுக்குண்ணே உங்களுக்கு?"

அவனைக் கையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துவந்து முதலாளி முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நாகையா சொல்லச் சொன்னானா? பரவாயில்லை, சிநேகிதன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஜெயராஜுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

சரி, இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. பம்ப் சரியானதால் பெட்ரோல் பழையபடி அளவாகப் போக ஆரம்பித்தது. நீங்கள் யோசித்துப் பாருங்கள், கிராணியார். முதலாளி கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒருநாள் காரில் போகும்போது பின்னாலிருந்து சொன்னார். "பார்த்தியா நாகையா, இப்பல்லாம் எண்ணெய் நிக்குது. மனுஷன் நினைச்சா திருந்தலாம். எனக்கு ரொம்பச் சந்தோஷம்." ஒழுகியபோது நான் கள்ளன். ஒழுக்கு நின்றதும் திருந்திய கள்ளன்.

அதோடு விட்டாரா? கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவன் அவர்கள் அரிசியில் கைவைத்துவிட்டான். அவனை விசாரிக்கும்போது என்னை அழைத்து நடுவில் நிறுத்தி, "இதோ நம்ம நாகையாவைப் பாரு, தப்புப் பண்ணான், உணர்ந்தான், இன்னைக்கு எப்படி இருக்கான்" என்றார். அந்த மண்டோர் என்னைப் பார்த்துத் தலையாட்டினான், தன் இனத்தான் ஒருவனைப் பார்த்ததுபோல. முதலாளி நல்லவர். அவரைப்போல நல்லவரை இந்தக் கோலாலம்பூரில் நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. பம்ப் ஒழுகும் என்பதை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். எல்லாரும் கூடியிருக்கும் ஒரு நேரத்தில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாள் வருஷத்துக்கு ஒன்றுதான்.

துரைக்குச் சொல்லுங்கள், ஆயுத பூஜையன்று நாங்கள் தொழில் செய்கிற சாமான்களுக்குப் படைப்போம். காரைக் கழுவி, மூடியைத் திறந்து என்ஜினுக்கும் பொட்டு வைத்து, அதை நின்ற இடத்தில் ஓடவிட்டுக் கற்பூரம் காட்டுவோம். அப்புறம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். காலையில் பாசாருக்குப் போய் நான்தான் பூ வாங்கிவந்தேன், அதனால் என்ஜின் சூடாகவே இருந்தது. கார்க் கொட்டகையில் மாலை கட்டும்போது, பம்ப்பிலிருந்து பெட்ரோல் வெளியே போகும் குழாயைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். நிறைய இல்லை. ஜெயராஜ் பூட்டியதை நான் கழற்றவில்லை, தளர்த்தினேன். கையில் எண்ணெய் ஈரம் பட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. ஒரு வாளி மணலும் நனைத்த கோணிச்சாக்கும் எடுத்துவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சின்னதாகப் பற்றும், எல்லாரும் பார்ப்பார்கள், நான் மணலைக் கொட்டி அணைப்பேன். அதுதான் என் கணக்கு.

சிவகாமி அம்மாள் காரில் ஏறுவது அதில் இல்லை. அவரால் நிற்க முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. "நீ உள்ள உட்காரும்மா, பூஜை முடிஞ்சதும் அப்படியே கோயிலுக்குப் போயிடலாம்" என்று முதலாளிதான் சொன்னார். பின்கதவுப் பிடியைப் பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்து வாழைநாரால் வாழைக்கன்று கட்டுவது எங்கள் வழக்கம். ஒரு பக்கம் முன்பே கட்டியிருந்தேன். அம்மா ஏறியதும் முதலாளி மற்றப் பக்கத்தையும் கட்டச் சொன்னார். கட்டினேன். நான் போடும் முடிச்சு நெகிழாது, அது எல்லாருக்கும் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா சன்னல் வழியாக, "இன்னைக்கும் வாடை வருது நாகையா" என்றார். ஆமாம்மா என்றேன். அப்போது அவரை இறங்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பூஜை நின்றுவிடும், நட்டைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னை யார் நம்புவது?

என்ஜினை ஓடவிட்டு இறங்கி வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றேன். முதலாளி கற்பூரத் தட்டை மூடிக்கு முன்னால் சுற்றினார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முதலில் நீலமாகக் கொஞ்சம்தான். பம்ப் இருக்கிற இடத்தில்தான் எரிந்தது, அதை எல்லாரும் பார்த்தார்கள். முதலாளி தட்டைப் போட்டுவிட்டு வெறுங்கையால் தட்டி அணைக்கப் பார்த்தார். அவர் கை வெந்தது அப்படித்தான்.

மணல் வாளி என் காலடியில் இருந்தது. உடனே கொட்டியிருந்தால் அணைந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அணைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கற்பூரம் தவறி விழுந்தது, மாலை பற்றிக்கொண்டது, நல்ல வேளை, நாகையா அணைத்தான் என்று சொல்லியிருப்பார்கள். பம்ப் ஒழுகியது ஒருவர் வாயிலும் வந்திருக்காது. ஆகவே இன்னும் கொஞ்சம் எரியட்டும், எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். கொஞ்சம்தான். பழைய காருக்கு உடம்பெல்லாம் மரச்சட்டம், மேலே துணிக்கூரை. தீ அடிப்பலகை வழியாக உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது முதலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வாழைநார் அவர் வெந்த கைக்கு வரவில்லை. நான் மணலைக் கொட்டினேன். அப்போது கொட்டியதற்குப் பலன் இல்லை.

அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். முதலாளியை இல்லை. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலாளிக்கு இரண்டு கையிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் அழுதார். நானும் அழுதேன். அப்புறம் கேட்டேன், "இப்பவாவது நம்புறீங்களா முதலாளி? ஒழுகுதுன்னு சொன்னேனே." அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அந்த ஜெயராஜ் கைவச்சதாலதான்பா எல்லாம் போச்சு. அதுக்கு முன்னாடி வண்டி நல்லாத்தானே இருந்துச்சு."

"இல்லை முதலாளி. முன்னாடியேதான் ஒழுகிச்சு. சித்திரையிலிருந்தே ஒழுகிச்சு."

அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தார். "அந்தப் பழசெல்லாம் இப்ப எதுக்கு நாகையா? அதை நான் அப்பவே மன்னிச்சிட்டேனே."

இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். ஒரு குடும்பமே எரிந்து போயிருக்கிறது, அவருக்கு இன்னும் நான் எண்ணெய்த் திருடன்தான்.

அதனால்தான் வந்தேன். இரண்டு ஒழுக்கையும் குழப்பக் கூடாது, கிராணியார். ஆயுத பூஜையன்று ஒழுகியது நான் தளர்த்திய நட்டு. அது என் வேலை, ஒத்துக்கொள்கிறேன். சித்திரையிலிருந்து ஒழுகியது கிழிந்த துணி, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அந்தத் துணியைக் கண்ணால் பார்த்தவன் ஜெயராஜ் ஒருவன்தான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அவன் சொல்வதை எவன் நம்புவான்? அவனை வெளியே விடுங்கள். விட்டுவிட்டு, நீதிபதி முன்னால் சாட்சியாக நிறுத்தி, துணி கிழிந்திருந்ததா என்று முதலாளியின் காதில் விழும்படி கேளுங்கள்.

அம்மாவைப் பற்றியும், அவர் வயிற்றிலிருந்த பிள்ளையைப் பற்றியும் சட்டப்படி என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். திருட்டு என்ற வார்த்தை மட்டும் என் பேருக்குப் பக்கத்தில் எந்த வரியிலும் வரக்கூடாது. துரைக்கு நன்றாகப் புரியும்படி சொல்லுங்கள். அடுத்தவருக்குச் சொந்தமானது எதையும் நான் எடுத்தவன் இல்லை.